மைலுக்கு ஓரணா

என் மச்சினன் ஹாஜா முகைதீனுக்கு நான் வைத்த விலை மைலுக்கு ஓரணா. சந்தை நிலவரம் அரையணாதான். மீதி அரையணா நான் ஏற்றி வைத்தது. வியாபாரி மகன் ஒரு சரக்கைச் சந்தை விலைக்கே சொன்னால் தகப்பன் பெயர் கெட்டுவிடும்.

என் தகப்பனார் புதுக்கோட்டையில் தோல் மண்டி வைத்திருந்தவர். வைத்தியர் பத்து நாள் மருந்து சாப்பிட வேண்டும் என்றால், "ஏழு நாளில் முடித்துக் கொடுங்கள்" என்பார். அந்த மண்டியில்தான் நான் வளர்ந்தேன். அங்கே விலையை வாயால் சொல்வது மரியாதை இல்லை. வாங்குகிறவனும் விற்கிறவனும் கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்கடியில் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலு விரலைப் பிடித்தால் நாலு. அது நாற்பதா நானூறா என்பது சரக்கைப் பார்த்தாலே தெரியும். மூடின முஷ்டியைக் கொடுத்தால் 'காசு வேண்டாம், சும்மா எடுத்துக்கொண்டு போ' என்று பொருள். அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று கேள்விதான். யாரும் செய்து நான் பார்த்ததில்லை. இன்னொரு விதியும் உண்டு. பேரம் முடிவதற்குள் எவன் முதலில் கையை உருவுகிறானோ அவன்தான் பேரத்தை முறித்தவன். அந்தப் பெயருக்குப் பயந்து, ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேர் அரைமணி நேரம் கைகோத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இனி கார்களுக்கு வருவோம்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, ஊரில் சில பெரிய வீட்டுக்காரர்கள் கொட்டகையில் நின்ற கார்களைத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். பெருமை போன பிறகு யானைக்குத் தீனி போட யாருக்கு மனசு வரும்? அப்படி வந்த இரண்டு பழைய அமெரிக்க பிளஷர் கார்களை நானும் ஹாஜாவும் பாதிப்பாதி போட்டு, ஆளைப் பார்த்துப் பேசி, ஒரே விலைக்கு வாங்கினோம். ஒன்று கறுப்பு, ஆறு சிலிண்டர். இன்னொன்று நாவல்பழ நிறம், எட்டு சிலிண்டர். வாடகைக்கு விட்டோம். ஆறை ஹாஜா ஓட்டினான், எட்டை நான்.

எட்டு ஓடும்போது பட்டுச்சேலை நடந்து போகிற சத்தம்தான் கேட்கும். கல்யாணச் சவாரிக்கு மாப்பிள்ளை வீட்டார் அதைத்தான் கேட்பார்கள். ஆறோ சதா டிக்டிக்கென்று வெற்றிலை இடித்துக்கொண்டே போகும். ஆனால் தீனி என்று பார்த்தால் கதை வேறு. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஆறு இருபது மைல் ஓடும், எட்டு பதினாறுதான். காலன் இரண்டு ரூபாய் பதினாலணா விற்ற காலம் அது; மைலுக்கு அரையணா வித்தியாசம். ஆறு வாய்க்கும் எட்டு வாய்க்கும் சோறு ஒரே அளவிலா வேகும்?

ஹாஜாவின் அக்கா சம்சுன் நிஹார் என் மனைவி. ஐம்பத்திரண்டில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டு போனது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் போன பிறகும் வீடு நிறைந்துதான் இருந்தது: நான், ஹாஜா, அவன் மனைவி சாரா உம்மாள், அவர்கள் பிள்ளைகள் ஐந்து. எட்டு சிலிண்டரும் முறைவைத்து வெடித்துக்கொண்டிருந்த வீடு. நான் எந்நேரமும் அந்தச் சத்தத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்து நாலு சித்திரையில் ஒரு நாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது ஹாஜா தொண்டையைக் கனைத்தான்.

"மச்சான், ஒரு விசயம்."

"வெலையைச் சொல்லு."

"வெலை இல்ல. ஜெகதாப்பட்டினத்துக்கே போயிரலாம்னு பாக்குறோம். சாராவோட வாப்பா விழுந்து கெடக்குறாரு. அங்கிட்டு மீன் யாவாரிங்க அவசரத்துக்கு ஒரு எடம் போகணும்னா மாட்டு வண்டியத்தான் புடிக்கணும். ஒரு பிளஷர் இருந்தா பொழச்சுக்கலாம்."

கதவுக்குப் பின்னாலிருந்து சாரா உம்மாள் சொன்னாள்: "நீங்களும் வாங்கண்ணே. இங்க ஒத்தையில என்ன பண்ணப் போறீங்க?"

"மச்சினனோட மாமியார் வீட்ல நான் என்ன சரக்குன்னு போயி எறங்குறது?" என்றேன். உள்ளே பிள்ளைகள் சிரித்தன. "சரி மாப்ளே, கார்?"

"ஆறை எனக்குக் குடுத்துருங்க. எட்டை நீங்க வச்சுக்குங்க. ஆளுக்கு ஒண்ணு, சரிக்குச் சரி."

அப்போது நான் 'போகாதே' என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை; காசு செலவில்லை. ஆனால் விலை இல்லாத சரக்கை எடுத்து வைத்துப் பழகாத வாய் இது. "ஆறும் எட்டும் எந்த ஊர்லடா சரிக்குச் சரி?" என்றேன்.

"எட்டு பெருசு மச்சான். ஒங்களுக்கு ரெண்டு சிலிண்டர் கூடவே வருது."

"ரெண்டு வாய் கூட வருதுன்னு சொல்லு."

"பாக்குறதுக்கு லச்சணம்?"

"லச்சணத்த டேங்க்ல ஊத்தி ஓட்ட முடியுமா?"

மூன்று நாள் இப்படியே போயிற்று. கடைசியில் ஒன்று பேசி முடித்தோம். இரண்டு வண்டிக்கும் ஒவ்வொரு காலன் ஊற்றித் தீருகிறவரை ஓட்டிப் பார்ப்பது. ஆறு எத்தனை மைல் கூட ஓடுகிறதோ, மைலுக்கு முந்நூறு ரூபாய் வீதம் எனக்குக் கட்டிவிட்டு ஹாஜா அதை எடுத்துக்கொள்வது. கட்ட முடியாவிட்டால்?

"கார் இல்லாம அங்கிட்டுப் போயி மாமனார் சோத்தத் திங்கவா? இங்கயே கெடக்க வேண்டியதுதான்," என்றான் அவனே.

ஒரே வீட்டில் இருக்கிறவனின் கையிருப்பு மறைவதில்லை. சீட்டுப் பணம் எழுநூறு, சாரா உம்மாளின் காப்பை அடகு வைத்தால் ஐந்நூறு. ஆக ஆயிரத்து இருநூறு. நிஜமான வித்தியாசம் நாலு மைல், அதற்கும் அதே ஆயிரத்து இருநூறு. பயல் கணக்குப் போட்டுத்தான் தலையாட்டியிருக்கிறான். வித்தியாசம் ஒரு மைல் கூடினால் போதும். அவன் போக மாட்டான்.

ஆகவே எட்டு சிலிண்டர் இன்னும் மோசமாக ஓட வேண்டும். என் சரக்கை நானே மட்டம் தட்ட நினைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஹாஜாவும் சும்மா இருக்க மாட்டான், ஆறைக் குறைத்து ஓட்டப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு மைல் போதாது, இரண்டு வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் சூசைராஜ் பட்டறையில் விடிந்ததும் கூடினோம். அவர் இரண்டு வண்டியின் டேங்க்கையும் ஒட்ட வடித்து, ஆளுக்கொரு காலன் அளந்து ஊற்றினார். நான் குனிந்து அளவுப் பாத்திரத்தின் அடியைத் தட்டிப் பார்த்தேன். ஹாஜா பின்பக்கத்துச் சீட்டைத் தூக்கிப் பார்த்தான். டேங்க் மூடிகளுக்குச் சணல் கட்டி அரக்கு முத்திரை வைக்கச் சொன்னோம். பெட்ரோல் டின் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. ஒரு சொட்டு இருந்தாலும் ஆட்டம் தோல்வி. நின்ற இடத்தை விட்டு வண்டியை நகர்த்தக் கூடாது. மற்றவன் வந்து மைல் கல்லோடு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

சூசைராஜ் அரக்கை உருக்கிக்கொண்டே கேட்டார்: "ரெண்டு பேரும் ஒரே சட்டியில சாப்பிடுறீங்க. இதுக்கு எதுக்குங்க முத்திரை?"

"ஒரே சட்டியில சாப்பிடுறதாலதான்," என்றேன்.

"நல்லா இருக்கு. அப்ப இன்னொண்ணு கேக்குறேன். வண்டி ரெண்டும் தீந்துபோயி நின்னுரும். பெட்ரோலும் கொண்டு போகக் கூடாது. திரும்பி எப்படி வருவீங்க?"

நான் ஹாஜாவைப் பார்த்தேன், ஹாஜா என்னைப் பார்த்தான். இவன் டின் வைக்க வழி பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும். "அதெல்லாம் வழியில பாத்துக்கலாம்," என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னோம். மற்றவன் திருடாமல் பார்ப்பதற்கு மூன்று நாள் யோசித்த நாங்கள், வீடு திரும்புவதற்கு ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

பொன்னமராவதி ரோடு. புதுக்கோட்டையிலிருந்து இருபத்தாறு மைல், வழியில் பெட்ரோல் கிடையாது. எட்டு மணிக்குக் கிளம்பினோம். ஆறு முன்னால் போயிற்று. அதன் டிக்டிக் ஒரு திருப்பத்துக்கு அந்தப் பக்கம் மறையட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சோக்கை இழுத்தேன்.

சோக்கு என்பது காலையில் குளிர்ந்து கிடக்கிற எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் காட்டி எழுப்புகிற குமிழ். எழுந்ததும் உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் எஞ்சின் பந்தியில் உட்கார்ந்த கடன்காரன் மாதிரி வாங்கி வாங்கித் தின்னும். குமிழைப் பாதி இழுத்து, உள்ளே போய்விடாதபடி இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகினேன். இரண்டாவது மைலிலேயே வண்டியின் பின்னால் கரும்புகை. ஐந்தாவது மைலில் இருமல். பட்டுச்சேலை நடந்த வண்டி காசநோய்க்காரி போல இழுத்துக்கொண்டு வந்தது. அதைத் தட்டிக் கொடுத்து, "கொஞ்சம் பொறுத்துக்க, குடும்பக் காரியம்," என்றேன்.

பதினாலாவது மைல் கல்லுக்குப் பத்தடி தாண்டி, பெருமூச்சு விட்டு நின்றது. இரண்டு மைல் திருடியாகிவிட்டது. மைலுக்கு அரையணாவாக இருந்த பெட்ரோல் வித்தியாசம் இப்போது ஓரணா. இறங்கி, கல்லில் இருந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தேன். இனி ஹாஜா போக மாட்டான். சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

யாரும் இல்லை.

செம்மண் பொட்டல், நாலைந்து பனை, தண்ணீர் வற்றி வெடித்த ஒரு கண்மாய். பத்து மணிக்கே வெயில் பாறையைப் பிளந்தது. காலை பஸ் போய்விட்டது, அடுத்தது சாயங்காலம். காருக்குள் உட்கார்ந்தால் அடுப்பு, வெளியே நின்றால் அடுப்புக்கு வெளியே அடுப்பு. ஹாஜா வந்து பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை இடத்தை விட்டு நகர முடியாது. அவன் எப்படி வருவான், எதில் வருவான் என்று அப்போதுதான் புத்தி கேட்டது.

தூரத்தில் எங்கோ ஒரு தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற எண்ணெய் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றைச் சிலிண்டர். டுப்... டுப்... டுப். ஒவ்வொரு வெடிக்கும் நடுவில், இதோடு நின்றுவிட்டதோ என்று நினைக்கிற அளவு இடைவெளி. அதை அரைமணி நேரம் கேட்டேன். அவர்கள் ஜெகதாப்பட்டினம் போன பிறகு என் வீடு எப்படிச் சத்தம் போடும் என்று தெரிந்துகொண்டேன்.

பதினோரு மணி வாக்கில் ஒரு பெண்பிள்ளை கூடை நிறைய நுங்கோடு குறுக்குப் பாதையில் வந்தாள். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள்.

"ராவுத்தரே, வண்டிக்கு என்ன, சண்டித்தனமா?"

"எண்ணெய் தீந்துபோச்சு."

"இம்மாம் பெரிய வண்டிக்கு ஊத்துறதுக்குக் கொஞ்சம் எண்ணெய் வச்சிருக்கக் கூடாதா? நுங்கு திங்கிறீங்களா? அணாவுக்கு மூணு."

அவள் கூடையை இறக்கி நிழலில் குந்தினாள். வாய் பேசுகிற ஆள். உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் போகும். எனக்கு நாக்கு ஒட்டிக் கிடந்தது. நான் சொன்னேன்: "அஞ்சு குடு."

"மூணு."

"வாடிக் கெடக்கு. நாலாவது குடு."

"வாடிக் கெடக்குறது நுங்கா, நீங்களா?"

"மூணரை!" என்றேன்.

"அரை நுங்க எங்கிட்டு வெட்டுறது? ஒங்க காசை நீங்களே தின்னுங்க," என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். அந்தப் பொட்டலில், போகிற முதுகைப் பார்த்து நின்றேன். அவள் இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்து என்னைத் திட்டியிருந்தால் பத்து ரூபாய் கொடுத்திருப்பேன். கூப்பிடத்தான் வரவில்லை. பேரத்தில் போனவளைக் கூப்பிட்டால் விலை ஏறிவிடும் என்று மண்டியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

காரின் நிழலில் துண்டை விரித்து மதியத்து லுஹர் தொழுதேன். தொழுது முடித்து ஸலாம் சொல்ல வலப்பக்கம் திரும்பினேன், பொட்டல். இடப்பக்கம் திரும்பினேன், பனை. முகத்தை நேரே திருப்பினேன், மேற்கே ரோட்டில் வெகு தூரத்தில் ஒரு புள்ளி.

புள்ளி ஆளாயிற்று. ஆள் தலையில் துண்டோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலில் வந்தான். செருப்பு வார் அறுந்திருந்தது. இன்னொரு கையில் டின் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்த்தேன். இல்லை.

"பெட்ரோல் எங்கடா?"

"பொன்னமராவதியில," என்றான் ஹாஜா. மூச்சு இரைத்தது.

"வண்டி?"

"இருபதாவது கல்லுல நிக்குது. கல்லுக்கு ஒரு சாண் முன்னால."

"முழுசா இருபதும் ஓடுச்சா? கொஞ்சம்கூடக் கொறையலையா?"

"எதுக்குக் கொறையணும்?"

எனக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. குறைந்திருந்தால் அவனுக்கு லாபம். குறைக்க அவனுக்கும் சோக்கு இருந்தது, தீப்பெட்டி இருந்தது. "மாப்ளே, கல்லு இருபதுல இருந்து பொன்னமராவதி எத்தனை மைலு?"

"ஆறு."

"இங்க வர?"

"அதுவும் ஆறுதான்."

"அப்ப அங்கிட்டுப் போயிருந்தா பெட்ரோல் கெடச்சிருக்கும். டின்னோட ஒரு வண்டியப் புடிச்சு வந்திருக்கலாம். யாவாரி வீட்டுப் பிள்ளை ஒனக்குப் புத்தி வேணாம்? இங்கிட்டு என்ன இருக்குன்னு நடந்து வந்த?"

அவன் முகத்தைத் துடைத்தான். பிறகு, "ஒத்தையில விட்டா நீங்க ஸ்டேரிங்கோட பேரம் பேசிக்கிட்டு இருப்பீங்க. அக்கா இருந்தா என்னையல்ல வையும்," என்றான்.

"ஒரு நுங்குக்காரி வந்தா."

"வாங்குனீங்களா?"

"மூணரைக்குக் கேட்டேன். போயிட்டா."

அவன் சிரித்துக்கொண்டே டிரைவர் சீட்டில் ஏறிக் கால்களை வெளியே தொங்கப் போட்டான். உள்ளங்கால் இரண்டும் சிவந்து கொப்பளித்திருந்தன. சாய்ந்துகொள்ளத் திரும்பியவனின் கண் சோக்குக் குமிழில் பட்டது.

தீக்குச்சியை எடுக்க நான் மறந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் இரண்டு விரலால் குச்சியை உருவினான். குமிழ் டொக்கென்று உள்ளே போயிற்று. மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்தான்.

"தீப்பெட்டி இருக்கா மச்சான்?"

கொடுத்தேன். அந்தக் குச்சியை என் பெட்டியிலேயே உரசிப் பீடியைப் பற்றவைத்து, முனை கருகுகிறவரை பிடித்திருந்து, வெளியே எறிந்தான்.

"நல்ல குச்சி," என்றான். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

பீடி முடிந்ததும் தலைத் துண்டை உதறினான். "சரி, கையைக் குடுங்க. முடிச்சுருவோம்."

"காட்டுக்குள்ள யாரு பாக்குறான்னு துண்டு?"

"பனைமரம் பாக்குது. குடுங்க."

நான் பக்கத்தில் உட்கார்ந்து வலக்கையை நீட்டினேன். அவன் கோத்துக்கொண்டான். துண்டு விழுந்தது.

"நீங்க பதினாலு. நான் இருபது. ஆறு மைலு. ஆயிரத்து எண்ணூறு," என்றான். "எங்கிட்ட என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். பேசுங்க."

நான் எந்த விரலையும் பிடிக்கவில்லை. அவன் கை சூடாக, புழுதியாக இருந்தது. சரக்குப் பேசாமல் ஒரு கை என் கையைப் பிடித்து இரண்டு வருஷம் ஆகிறது. கடைசியாகப் பிடித்தவள் சம்சுன் நிஹார், காய்ச்சலில். அப்போதும் நான் அவளிடம் டாக்டர் பீஸில் எவ்வளவு குறைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கையை உருவினால் பேரம் முறியும். அவன் இருப்பான், கோபத்தோடு இருப்பான். விரலைப் பிடித்தால் முடியும், போய்விடுவான். உருவாமலும் பிடிக்காமலும் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நேரம் செல்லும் என்று பார்த்தேன். ஒற்றைச் சிலிண்டர் டுப் டுப்பென்றது. பிறகு தோட்டக்காரன் அதை நிறுத்திவிட்டான்.

"வெரலப் புடிங்க மச்சான்."

கையை மூடினேன். முஷ்டியை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"என்ன, சுளுக்கிக்கிச்சா?"

"இல்ல. அதான் வெலை."

அவன் துண்டைப் பார்த்தான். பிறகு துண்டுக்கடியில் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு. கட்டைவிரலை மடக்கி உள்ளே விட்டான். பிரித்த நாலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தான். வாயால் சொல்லக் கூடாது என்ற விதியையும் மீறிச் சொன்னான்:

"நாலு. எட்டு பதினாறு ஓடும், ஆறு இருபது ஓடும். ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆயிரத்து இருநூறு. சும்மா வாங்கிட்டுப் போனா நாளைக்கு எந்த மொகத்தோட ஒங்க வாசல்ல வந்து நிப்பேன்?"

"வருவியா?"

"கடன் இல்லாதவன் எங்கயும் வரலாம்."

நானும் பிடித்தேன். முடிந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டான். முடிந்த பேரத்தில் எடுக்கலாம், குற்றமில்லை. என் கை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் துண்டுக்கடியில் இருந்தது.

சாயங்காலம் பொன்னமராவதி பஸ் வந்தது. பெட்ரோல் வாங்கி வர இரண்டு பேரும் ஏறினோம். எட்டு சிலிண்டரை அப்படியே விட்டுவிட்டுப் போகிறோமே என்றான் ஹாஜா. "எவனாவது தூக்கிட்டுப் போனா போகட்டும், தீனி அவன் போடட்டும்," என்றேன். டிக்கெட் இரண்டையும் அவனே வாங்கினான். இருபதாவது கல்லில், ஒரு சாண் முன்னால், கறுப்பு வண்டி நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒப்பந்தப்படி பார்த்தாயிற்று. அவன் நடந்து வந்த ஆறு மைலைப் பஸ் கால் மணிக்கும் கொஞ்சம் கூடுதலாக ஓடியது. உட்கார்ந்து போகிறவனுக்கே அது நீளமான தூரம்.

வைகாசியில் போனார்கள். ஆறு சிலிண்டர் வண்டியில் ஏழு பேரும், இரண்டு டிரங்குப் பெட்டியும், ஒரு ஆட்டுக்கல்லும் ஏறின. சாரா உம்மாள் ஒரு வாரத்துக்கு வேண்டிய ஊறுகாயைப் போட்டு வைத்துவிட்டு, அதைச் சொல்ல மூன்று தடவை உள்ளே வந்தாள். டிக்டிக் பள்ளிவாசல் தெரு முனை வரை கேட்டது. அதற்கு அப்புறமும் கேட்பது போலிருந்தது. வாசலில் எவனோ வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தான்.

இப்போது எட்டு சிலிண்டர் காலனுக்குச் சரியாகப் பதினாறு மைல் ஓடுகிறது. கல்யாணச் சவாரி போகும்போது வண்டி நிறைய ஆள். திரும்பும்போது நானும் அந்தப் பட்டுச்சேலைச் சத்தமும். பேச்சுத் துணைக்கு ஆகாத எஞ்சின் அது. சில நாள் பதினாலாவது கல்லருகே நிறுத்தி, மேற்கே பார்த்துவிட்டு வருகிறேன்.

ஹாஜா மாதம் ஒரு கார்டு போடுகிறான். பிழைப்பு பரவாயில்லை, நோன்புப் பெருநாளுக்கு வாங்க மச்சான், என்று ஒவ்வொரு கார்டிலும் இருக்கும். ஜெகதாப்பட்டினம் நாற்பது மைல்; போய்வர எண்பது. எட்டு சிலிண்டருக்கு ஐந்து காலன், பதினாலு ரூபாய் ஆறணா. அவனுடைய வண்டியாக இருந்தால் நாலு காலனில் முடிந்துவிடும் என்று பதில் எழுதினேன். பஸ்ஸில் வாங்க, இரண்டு ரூபாய்தான், என்று அவன் எழுதினான். பிளஷர் வைத்திருக்கிறவன் பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று எழுதினேன். அதற்குச் சாரா உம்மாள் ஓரத்தில் நுணுக்கி ஒரு வரி எழுதியிருந்தாள்: 'ஊர் மீன் பிடிக்கப் போயிரும் அண்ணே, நீங்க வாங்க.' அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

நான் செத்தால் என் நோட்டைப் புரட்டுகிறவனுக்குக் குழப்பம் வரக் கூடாது. ஆகவே அவன் பெயரில் உள்ள பக்கத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஹாஜா முகைதீன் பற்று வரவு.

ஆறு சிலிண்டர் வண்டி வகையில் அவன் கட்டியது ஆயிரத்து இருநூறு ரூபாய். தீர்ந்தது.

பொன்னமராவதி பஸ் டிக்கெட்டில் என் பங்கு. மறுநாளே கொடுத்தது. தீர்ந்தது.

தீக்குச்சி ஒன்று. என்னுடையது, அவன் கொளுத்திவிட்டான். தள்ளுபடி.

இருபதாவது கல்லிலிருந்து பதினாலாவது கல் வரை, சித்திரை வெயிலில், வெறுங்காலில், அவன் என்னிடம் நடந்து வந்தது ஆறு மைல். நான் அவனிடம் நடந்து போனது, இல்லை.

நிலுவை, ஆறு மைல்.